தண்டையார்பேட்டையில் பஞ்சாயத்து பேசும் பெரியவர்களுக்கு

எங்கள் தெருவில் வீட்டுச் சண்டைகளைத் தீர்த்து வைக்கும் பெரியவர்களுக்கு வணக்கம்.

அண்ணனுக்கு நான் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியதிலிருந்து உங்களில் பலர் என்னோடு பேசுவதில்லை. "கூடப்பொறந்தவனுக்கே நோட்டீஸா?" என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறீர்கள். அன்றைக்கு அம்மா சாப்பிடவே இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா உயில் எழுதாமல் போய்விட்டார். வீடு அவர் சம்பாதித்து வாங்கியது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அண்ணன், நான் மூவருக்கும் சம பங்கு. என் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொல்லி அண்ணன் ராத்திரி பதினோரு மணிக்குக் கதவை உதைத்தார். நான் வேலை பார்க்கும் கடை வாசலில் நின்று கத்தினார். நீங்கள் மூன்று முறை கூப்பிட்டுப் பேசினீர்கள். மூன்று முறையும் தலையாட்டினார், ஒரு வாரம் தாங்கவில்லை. நீங்கள் மனசாரப் பேசியதை நான் மறக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சு எதுவும் எழுத்தில் இல்லை.

நோட்டீஸில் திட்டு கிடையாது. எந்தத் தேதியில் என்ன நடந்தது, இனி வீட்டுக்கும் கடைக்கும் வந்து தகராறு செய்யக் கூடாது, பங்கைப் பற்றி வக்கீல் மூலம் பேசலாம், மீறினால் வழக்கு. அவ்வளவுதான். கவரை அண்ணன் வாங்க மறுத்தார். தபால்காரர் அப்படியே எழுதித் திருப்பியதை வக்கீல் பிரிக்காமல் பத்திரப்படுத்தினார். சரியான முகவரிக்குப் போனதை வாங்க மறுத்தால், சேர்ந்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளுமாம்.

சரி, நோட்டீஸ் கோர்ட் உத்தரவு இல்லை. அதை வைத்து யாரையும் கைது செய்ய முடியாது. அதற்கு அடுத்த படிதான் 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம். அது புருஷன்மாருக்கு மட்டுமில்லை. ஒரே வீட்டில் வாழ்ந்த அண்ணன் தம்பி மீதும் மனு போடலாம். கோர்ட் போடும் பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை. அண்ணனை அங்கே நிறுத்த எனக்கு மனமில்லை. அதனால்தான் முதலில் நோட்டீஸ். நான்கு மாதமாக ராத்திரியில் யாரும் கதவை உதைக்கவில்லை.

இன்னொரு பெண் உங்களிடம் வந்தால் "அனுசரிச்சுப் போம்மா" என்று அனுப்பிவிடாதீர்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 15100-க்குக் கூப்பிட்டால் வழி சொல்வார்கள். அடி விழுந்தால் நோட்டீஸுக்கெல்லாம் காத்திருக்கக் கூடாது. உடனே பெண்கள் உதவி எண் 181 அல்லது அவசர உதவி எண் 112.

அப்புறம், யாராவது ஒருவர் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். சாயங்காலம் வாசலில்தான் உட்கார்ந்திருப்பார்.

இப்படிக்கு,
உங்கள் தெருவில் வளர்ந்த பெண்