அந்தக் காலி இடத்தில் என்ன வைக்கலாம்?

அன்புள்ள தம்பிக்கு,

சைக்கிள் கடையில் ஒரு பக்கம் காலியாகக் கிடக்கிறது, அங்கே பொம்மை, விளையாட்டுச் சாமான், மொபைல் கவர் என்று கொஞ்சம் வாங்கிப் போடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். ஒரே வார்த்தையில் சொன்னால் உனக்குக் கோபம் வரும், அதனால் காரணத்தையும் எழுதிவிடுகிறேன்.

வகை குறைவாக இருந்தால் வாங்க வருபவர் குழம்ப மாட்டார் என்று பலர் சொல்வார்கள். அதற்கு உளவியல் ஆய்வாளர்களான ஷீனா ஐயங்காரும் மார்க் லெப்பரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வைக் காட்டுவார்கள். 24 வகை ஜாம் இருந்த மேசைக்கு வந்தவர்களில் சுமார் 3 சதவீதம் பேர்தான் வாங்கினார்கள்; 6 வகை மட்டும் வைத்தபோது 30 சதவீதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதுபோன்ற 50 பரிசோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த 2010-ஆம் ஆண்டு ஆய்வில், சராசரி விளைவு கிட்டத்தட்ட பூஜ்யம் என்று வந்தது. ஆகவே அதை வைத்து நான் வாதாடப் போவதில்லை. நான் பார்ப்பது பணம் சுற்றுகிற வேகத்தை.

100 போட்டு வாங்கிய டியூப் 125-க்குப் போகிறது என்று வைத்துக்கொள். அந்த 100 மாதம் ஒரு முறை கைக்குத் திரும்பி வந்தால் ஆண்டு முடிவில் 300 லாபம். அதே 100-ஐ ஒரு பொம்மையில் போட்டு, அது 200-க்கு விற்றாலும், விற்க ஒரு வருஷம் ஆனால் கிடைப்பது 100 தான். புதுச் சரக்கைப் பார்க்கும்போது நம் கண் விலைச்சீட்டில் இருக்கிற லாபத்தை மட்டும் பார்க்கும். எத்தனை நாள் உட்கார்ந்திருக்கும் என்பது சீட்டில் எழுதியிருக்காது. அமெரிக்காவின் காஸ்ட்கோ எவ்வளவு பெரிய கடை! அங்கேயே ஒரு கிளையில் சுமார் 4,000 வகைதான். பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் 30,000-ஐத் தாண்டும். எல்லாவற்றையும் வைக்க ஆசைப்படுவது என்னவோ சின்னக் கடைக்காரர்தான்.

விற்கவில்லை என்றால் தள்ளுபடி போட்டுத் தள்ளிவிடலாம் என்பாய். 125-இல் 10 சதவீதம் குறைத்தால் 112.50. குறைத்தது பத்து சதவீதம், போனது லாபத்தில் சரிபாதி. பழைய லாபம் வேண்டுமானால் இரண்டு மடங்கு விற்க வேண்டும்.

இதெல்லாம் கணக்கு. எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. கடைக்காரர்கள் பொய் சொல்வது பேராசையால் என்று வெளியில் நினைக்கிறார்கள். நான் பார்த்த வரையில் தேங்கிய சரக்குதான் சொல்ல வைக்கிறது. மொத்த வியாபாரிக்குப் பணம் தர வேண்டிய நாள் நெருங்கும்போது, ஆறு மாதமாக நகராத பொருளைக் காட்டி ‘இதுவும் பொருந்தும், எடுத்துக்கோங்க’ என்று வாய் தானாகச் சொல்லிவிடும். பொருந்தாது என்று உள்ளே தெரியும். நல்லவனாக இருந்தால் மட்டும் போதாது தம்பி, நல்லவனாக இருக்கிற அளவுக்கு இருப்பும் சுருக்கமாக இருக்க வேண்டும்.

இன்னொன்று, கொஞ்சம் விற்பவனால்தான் விற்பதைத் தெரிந்துகொள்ள முடியும். ‘26 இஞ்ச் டயர் கொடுங்க’ என்று ஒருவர் வருகிறார். 26 × 1.75 என்று போட்டிருந்தால் அது உட்காரும் ரிம்மின் விட்டம் 559 மில்லிமீட்டர். 26 × 1 3/8 என்றால் 590. இரண்டும் 26 இஞ்ச்தான், ஒன்று மற்றதில் ஏறாது. பழைய டயரின் பக்கவாட்டில் இருக்கிற எண்ணைப் படித்துவிட்டு எடுத்துக் கொடுக்கிறவனிடம் அவர் மறுபடி வருவார். மொபைல் கவரில் உனக்கு இந்த ஞானம் இருக்கிறதா?

செயினும் அப்படித்தான். உள்கண்ணியும் வெளிக்கண்ணியும் சேர்ந்த ஜோடியை ஒன்றாக எண்ணினால், புதுச் செயினில் 12 ஜோடி சரியாக 12 இஞ்ச் இருக்கும். 1/16 இஞ்ச் நீண்டிருந்தால் மாற்ற வேண்டும். 1/8 வரை விட்டுவிட்டால் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும். ஒரு ஸ்கேலை வாடிக்கையாளர் கையிலேயே கொடுத்து அளக்கச் சொல். தேயவில்லை என்றால் எண்ணெய் போட்டு அனுப்பு. அன்றைக்கு ஒரு செயின் விற்காமல் போகும், போகட்டும்.

ஹெல்மெட்டில் மட்டும் எந்தச் சமரசமும் வேண்டாம். உள்ளே இருக்கிற வெள்ளை நுரை அடியை வாங்கி நசுங்கத்தான் செய்யப்பட்டது. நசுங்கினால் பழைய நிலைக்கு வராது, வெளி ஓட்டைப் பார்த்தாலும் தெரியாது. விற்றுத் திரும்பி வந்த ஹெல்மெட் கீழே விழுந்ததா இல்லையா என்று உனக்கு உறுதியாகத் தெரியாவிட்டால் மறுபடி அலமாரியில் வைக்காதே. அந்த நஷ்டத்தை விலை போடும்போதே கணக்கில் சேர்த்துவிடு. எந்த பேட்ச் யாரிடம் வாங்கியது என்று கொள்முதல் பில்லில் குறித்து வை. குறை இருக்கிறது என்று கம்பெனி அந்த பேட்சைத் திரும்பக் கேட்கிற நாளில் அதுதான் உதவும்.

டயர், டியூப் விஷயத்தில் சின்னதாக ஒன்று: வெயில் படும் ஜன்னலோரத்தில் அடுக்காதே, மோட்டார் ஓடுகிற இடத்துக்குப் பக்கத்திலும் வேண்டாம். மோட்டாரில் உண்டாகும் ஓசோன் வாயு ரப்பரில் வெடிப்பு விழ வைக்கும். முதலில் வந்தது முதலில் போகட்டும்.

கல்லாவையும் வீட்டுச் செலவையும் பிரித்து வைத்திருக்கிறாய் என்று நம்புகிறேன். உனக்கென்று ஒரு சம்பளம் எடுத்துக்கொள், கடையில் வேலை செய்கிற பையனுடைய சம்பளம் அதற்கு முன்னால் போகட்டும்.

சரி, காலி இடத்துக்கு வருகிறேன். அங்கே ஒரு ரிப்பேர் மேசை போடு. ரிம் கோணல் எடுப்பது, பிரேக் சரிசெய்வது எல்லாம் உழைப்பை விற்பது. அதற்கு முன்கூட்டியே சரக்கு வாங்கிப் பணத்தை முடக்க வேண்டியதில்லை. எதை அடிக்கடி மாற்றுகிறாய் என்று ஒரு நோட்டில் எழுதி வந்தால், அடுத்த கொள்முதல் பட்டியலும் அதிலேயே கிடைத்துவிடும். மேசைக்கு என்னென்ன கருவி வேண்டும் என்று எழுதி அனுப்பு, அவசரமில்லாததை அடித்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறேன். பொம்மைக்கு ஏற்கெனவே ஆர்டர் கொடுத்துவிட்டாயா என்று நீ சொல்லவே இல்லை. கொடுத்திருந்தால் சரக்கு லாரி ஏறுவதற்குள் போன் பண்ணி நிறுத்து.

அன்புடன்,
அண்ணன்