காபனீரொட்சைட்டின் அளவு சிறிது என்பது வாதமாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் கடந்த ஞாயிறு இதழில் வெளியான காலநிலை பற்றிய கட்டுரையில், வளிமண்டலத்தில் வெறும் 0.04 சதவீதமே உள்ள காபனீரொட்சைட்டு பூமியைச் சூடாக்குகிறது என்பதை நம்புவதற்கில்லை என்று எழுதப்பட்டிருந்தது. கட்டுரையாளர் தந்த எண் சரியானது. அதிலிருந்து அவர் எடுத்த முடிவு பிழையானது. உயர்தர மாணவர்களும் வாசிக்கும் பத்திரிகை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உலர்ந்த வளியில் நைதரசன் 78 சதவீதமும் ஒட்சிசன் 21 சதவீதமும் உள்ளன. எஞ்சியதிற் பெரும்பகுதி ஆகன். சூரிய ஒளியால் சூடாகும் நிலமும் கடலும் அந்த வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ்க் கதிர்களாக வெளிவிடுகின்றன. ஒரேவகை அணுக்கள் இரண்டால் ஆன நைதரசனும் ஒட்சிசனும், தனியணுவான ஆகனும் இக்கதிர்களைப் பெரும்பாலும் பிடிப்பதேயில்லை. காபனீரொட்சைட்டு மூலக்கூறோ, நடுவில் ஒரு காபனும் இருபுறமும் ஒவ்வோர் ஒட்சிசனுமாக அமைந்து, வளைந்து அதிரக்கூடியது. அந்த அதிர்வுக்குப் பொருந்தும் அலைநீளம் சுமார் 15 மைக்குரோமீற்றர், பூமி வலுவாகக் கதிர்வீசும் எல்லைக்குள்ளேயே விழுகிறது. இவ்வாறு பிடித்த சக்தி மோதல்களால் அயலிலுள்ள மூலக்கூறுகளுக்குப் பரவி வளியைச் சூடாக்குகிறது. சூடான வளியிலுள்ள இதே வாயுக்கள் எல்லாத் திசைகளிலும் கதிர்வீச, அதில் ஒரு பங்கு மீண்டும் நிலத்தை வந்தடைகிறது. ஒரு வாளி தண்ணீரில் விட்ட சில துளி சொட்டுநீலம் வேட்டி முழுவதிலும் தெரிவதைக் கண்ட எவரும், சதவீதத்தை மட்டும் வைத்து விளைவை அளக்கமாட்டார்கள்.

இது ஊகமன்று. 1859 இல் ஜோன் டின்டல் என்னும் அறிஞர் லண்டனில் நீண்ட குழாயொன்றில் வாயுக்களை ஒவ்வொன்றாக அடைத்து, வெப்பக் கதிரைச் செலுத்தி, எது எவ்வளவு மறிக்கிறது என்று அளந்தார். கண்ணாடியே அக்கதிரை மறித்துவிடும் என்பதால் குழாயின் இரு முனைகளையும் பாறையுப்புத் தகடுகளால் மூடினார். அந்த நுட்பத்தை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பே. நைதரசனும் ஒட்சிசனும் கதிரை ஏறத்தாழ முழுமையாகவே கடக்கவிட, நீராவியும் காபனீரொட்சைட்டும் மறித்தன.

நம்மூர்க் கமக்காரருக்கும் இதன் ஒரு பக்கம் நன்கு தெரியும். தை மாதத்தில் முகிலற்ற, காய்ந்த இரவு கழிந்தால் விடியலில் உடல் நடுங்கும், வெங்காயத் தாளில் பனி கோத்து நிற்கும். கார்த்திகையில் முகில் மூடிய இரவோ புழுங்கும். நிலம் விடும் வெப்பத்தை முகிலும் நீராவியும் மறித்துத் திருப்புவதே இந்த வேறுபாட்டுக்கு முக்கிய காரணம்.

அப்படியாயின் நீராவியைத்தானே குறைசொல்ல வேண்டும் என்று கேட்கலாம். வாயுக்கள் இவ்வாறு வெப்பத்தை மறித்துப் பூமியைச் சூடாக வைத்திருக்கும் பச்சை வீட்டு விளைவில் நீராவியின் பங்கே பெரியது என்பது உண்மை. ஆனால் மிகுதியான நீராவி சில நாட்களில் மழையாகிவிடும். வளி எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பதை வெப்பநிலையே தீர்மானிக்கிறது. காபனீரொட்சைட்டு மழையாக இறங்கிப் போவதில்லை. நாம் சேர்ப்பதில் கணிசமான பங்கு நூற்றாண்டுகளுக்கு நிலைத்து வெப்பநிலையை உயர்த்த, நீராவி அதைப் பின்தொடர்ந்து பெருக்குகிறது.

வெயில் கூடியதே காரணம் என்ற கட்டுரையாளரின் இன்னொரு கூற்றும் நிற்காது. சூரியன் காரணமாயின், நாம் வாழும் கீழ்வளிக்கு மேலுள்ள அடுக்கான படைமண்டலமும் சூடாகியிருக்க வேண்டும். காபனீரொட்சைட்டு கூடினாலோ கீழ்வளி சூடாகும்போது படைமண்டலம் குளிரும் என்று 1967 இல் காலநிலை அறிஞர்களான மனாபேயும் வெதரால்டும் கணித்தனர். அளவீடுகள் காட்டுவதும் அதையே. மனாபே 2021 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கைத்தொழில் யுகத்துக்கு முன் மில்லியனுக்கு 280 பங்காக இருந்த இவ்வாயு, ஹவாயின் மௌனா லோவா மலையில் தொடர் அளவீடு தொடங்கிய 1958 இல் சுமார் 315 ஆகி, இன்று 420 ஐ, அதாவது சுமார் 0.04 சதவீதத்தை, தாண்டிவிட்டது. கட்டுரையாளர் சிறிதென்று தள்ளிய அந்த 0.04 சதவீதம், முன்பிருந்ததைவிட ஒன்றரை மடங்கு ஆகும். மௌனா லோவா வரைபைத் தாங்கள் அடுத்த ஞாயிறு இதழில், அதே பக்கத்தில் வெளியிட வேண்டுமென அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர்,
கோண்டாவில், யாழ்ப்பாணம்.