பூமலைக்குப் போயிருந்தேன்

சிங்கப்பூர்

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். அங்கும் எல்லோரும் நலம்தானே? "அந்த ஊர்ல கட்டடத்தைத் தவிர என்னதான் இருக்கு?" என்று போனில் கேட்டாய். அவசரத்தில் பேச முடியவில்லை, எழுதுகிறேன்.

இங்கே 1859-இல் தொடங்கிய ஒரு தாவரத் தோட்டம் இருக்கிறது. தமிழர்கள் பூமலை என்பார்கள். ஆர்க்கிட் பகுதிக்கு மட்டும்தான் டிக்கெட். கூட்டமெல்லாம் அங்கேதான், எனக்கு மரங்கள் போதும்.

நாகலிங்கம் இருக்கிறது அம்மா! அடிமரத்திலிருந்தே தொங்கும் காம்புகளில் பூ. சிவந்த இதழ், நடுவில் குட்டி லிங்கம், மேலே கவிந்த பாம்புப் படம். மணமும் நம் சிவன் கோவிலில் வருவதேதான். கீழே உடைந்து கிடந்த காய்தான் குடலைப் பிரட்டியது. இதன் பூர்வீகம் தென் அமெரிக்கா. குருக்களிடம் சொல்லிவிடாதே.

அப்புறம் ரப்பர் மரம். சாம்பல் பட்டை, காம்புக்கு மூன்று இலை, பார்க்க ஒன்றுமில்லை. ஆனாலும் அதனடியில்தான் அதிக நேரம் நின்றேன். பிரேசில் மரம் இது. லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 1877-இல் 22 கன்றுகள் இங்கே வந்தன. 1888-இல் இந்தத் தோட்டத்துக்கு இயக்குநராக வந்த ரிட்லி என்பவர், பட்டையை மெல்லிசாகச் சீவி, அதே வெட்டிலேயே திரும்பத் திரும்பச் சீவினால் பாலும் வரும், மரமும் சாகாது என்று காட்டினார். சட்டைப்பையில் விதையோடு, தோட்ட முதலாளிகளிடம் "நடுங்கள்" என்று அலைந்த மனுஷனுக்குக் கிறுக்கு ரிட்லி என்றே பேர். கார் வந்து டயர் தேவைப்பட்டதும் கதை மாறிவிட்டது. மலேயாக் காடெல்லாம் ரப்பர். பால் வெட்ட நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் கப்பலாக நம் சனம். தாத்தாவின் அண்ணன் ஏறிப் போனதும் அப்படித்தானே? வீட்டில் அவரைப் பற்றி யாரும் முழுசாகச் சொன்னதே இல்லை.

இதைப் படித்ததும் நீ விதை கேட்பாய், கிடைக்காது. பூங்காவில் கீழே விழுந்ததைக்கூட அனுமதியில்லாமல் எடுக்கக் கூடாது, அபராதம் போடுவார்கள்.

பெரியப்பாவிடம் கேட்டு எழுது: தாத்தாவின் அண்ணன் இருந்த ரப்பர் தோட்டம் மலேசியாவில் கெடாவிலா, ஜொகூரிலா? ஜொகூர் என்றால் பாலம் தாண்டினால் போதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் விசாரித்துவிடுவேன். பழைய கடித உறை ஏதாவது பரணில் கிடந்தால் முகவரியை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்.

அன்புடன்,
உன் மகன்