ஹேண்ட்போல் (பந்து கையில் படுதல்) வாக்குவாதம் தொடர்பாக

யாழ். உதைபந்தாட்ட இரசிகர் குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். ஞாயிறு மாலைப் போட்டியில் பின்கள வீரரின் முழங்கையில் பந்து பட்டும் மத்தியஸ்தர் தண்ட உதை (பெனால்டி) வழங்கவில்லை என்று இரவிரவாக இங்கு வாக்குவாதம் நடந்தது. வேலியோரப் பனையடியில் நின்ற நானும் அப்போது கத்தியவன்தான். ஆயினும், கையில் பட்டதெல்லாம் குற்றமல்ல; வேண்டுமென்றே கையைப் பந்தை நோக்கி நகர்த்தினாலோ, உடலசைவுக்குத் தேவையற்ற விதத்தில் கையை விரித்து உடலை இயல்புக்கு மாறாகப் பெருப்பித்தாலோ குற்றமாகும். அன்று அவரது கை விலாவோடு ஒட்டியிருந்தது. தற்செயலாகக் கையில் பட்ட பந்தைச் சக வீரர் கோலாக்கினால், 2021 விதித் திருத்தத்தின்படி அந்தக் கோலும் செல்லும். மத்தியஸ்தரை ஏசிக் குரல் பதிவு அனுப்பியோர் இன்றிரவுக்குள் அவற்றை நீக்கிவிடவும்.