டீசலா பெட்ரோலா, மாப்ள?

அன்புள்ள மாப்ள,

முழங்கால் அறுவைக்குப் பிறகு மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று தங்கச்சி வாட்ஸப்பில் சொன்னது. சந்தோஷம். பட்டறைக்குப் போவதை மட்டும் இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போடு. வெல்டிங் சத்தம் காதில் விழாவிட்டால் உனக்குச் சோறு இறங்காது என்று தெரியும், இருந்தாலும் பொறு. இங்கே நாங்கள் நலம். பையன் வேலை கிடைத்து சியாட்டில் போய்விட்டான். டாலஸ் வெயிலில் நானும் வீட்டம்மாவும் மட்டும் ஏசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

போனில் கேட்டாயே, ஓட்டலில் ரூம் போட்டுத் தங்குவதை விட்டுவிட்டு வீட்டையே சேசிஸ் மேல் ஏற்றி ஓட்டிக்கொண்டு திரிகிற கிறுக்கு எதற்கு என்று. ஆசை, அவ்வளவுதான். வருகிற மார்ச்சில் ரிடையர் ஆகிறேன், வருஷத்தில் நாலு மாதம் சுற்றலாம் என்று திட்டம். வீட்டம்மாவுக்கு ஓட்டல் பாத்ரூம் ஆகாது, எனக்கு மூன்றாம் நாள் ரசம் இல்லாவிட்டால் ஆகாது. மோட்டார்ஹோம் என்றால் இரண்டும் தீர்ந்தது.

ஆறு மாதமாக இதே வேலையாக அலைந்ததில், பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிற உன் தொழில்தான் இங்கேயும் நடக்கிறது என்று புரிந்துகொண்டேன். ஃபோர்டு கம்பெனி எஃப்-53 என்று ஒரு மொட்டைச் சேசிஸ் போடுகிறது. எஞ்சின், ஸ்டியரிங், சக்கரம், அவற்றைத் தாங்க இரண்டு நீள இரும்புச் சட்டம். ஓசூரிலிருந்து டிரைவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெயிலில் லேலண்ட் சேசிஸை ஓட்டிவந்து உன் பட்டறை வாசலில் நிறுத்துவாரே, அதே கதைதான். அதன் மேல் கூண்டு, அதாவது பாடி, கட்டுகிறவன் வேறு ஆள். இந்தியானாவில் எல்கார்ட் என்று ஒரு ஊர், இந்த நாட்டு வீட்டு வண்டிகளில் பெரும்பகுதி அதையும் அதைச் சுற்றியும்தான் உருவாகிறது, கரூர் மாதிரி ஊருக்கே அதுதான் பிழைப்பு. அங்கே பல பாக்டரிகளில் உருப்படிக் கணக்குக் கூலி. விடிவதற்கு முன்பே ஆரம்பித்து மத்தியானத்தோடு முடித்துவிட்டு வீட்டுக்குப் போகப் பார்ப்பார்கள். அதில் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொரோனா சமயத்தில் ஆளாளுக்கு வண்டி கேட்டதில் 2021-இல் மட்டும் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற வீட்டு வண்டிகளையும் சேர்த்து 6 லட்சத்துக்கு மேல் வெளியே தள்ளினார்கள், அதுவரை இல்லாத எண்ணிக்கை. அந்த வருஷத்து வண்டி என்றால் நான் இரண்டு தடவை சுற்றிப் பார்ப்பேன்.

சரி, டீசலா பெட்ரோலா என்று நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். இங்கே பெட்ரோலுக்கு 'கேஸ்' என்று பேர், 'கேஸ் வண்டி' என்றால் சிலிண்டரில் ஓடுவது என்று நினைத்துவிடாதே. சிலிண்டரும் உண்டு, அது அடுப்புக்கும் ஹீட்டருக்கும். பெட்ரோல் வண்டியில் எஞ்சின் முன்னால், டிரைவருக்கும் பக்கத்து ஸீட்டுக்கும் நடுவில். நாம் காலேஜுக்குப் போன பஸ்ஸில் பானெட் மேல் உட்கார்ந்து கால் பொசுங்க வருவோமே, அந்தப் பானெட்டேதான், கம்பளம் ஒட்டியிருக்கிறார்கள். டீசலில் எஞ்சின் பின்னால். ஓட்டும்போது முன்னால் காற்றுச் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்காது, ஏர் சஸ்பென்ஷன், ஏர் பிரேக், தொட்டில் மாதிரி போகும். ஆனால் எஞ்சினைப் பார்க்க வேண்டும் என்றால் பல வண்டிகளில் படுக்கையறைக் கட்டிலைத் தூக்க வேண்டும். மெக்கானிக் கிரீஸ் கையோடு மெத்தை அருகில் நிற்பதை வீட்டம்மா ஒரு தடவை பார்த்தாள், டீசல் மேல் அவளுக்கு இருந்த மரியாதை அன்றோடு போச்சு.

இழுவையில் டீசலை அடிக்க முடியாது, அதை ஒப்புக்கொள்கிறேன். 2020 மாடலிலிருந்து ஃபோர்டு சேசிஸில் 7.3 லிட்டர் வி8 பெட்ரோல் எஞ்சின் வருகிறது, டார்க், அதாவது எஞ்சினின் திருப்பு விசை, சுமார் 635 நியூட்டன் மீட்டர். 6.7 லிட்டர் கம்மின்ஸ் 360 குதிரைத்திறன் டீசல் 1,085 தருகிறது. கணக்கு காகிதத்தில் இருக்கட்டும், இரண்டு வருஷத்துக்கு முன் நாங்கள் வாடகைக்கு எடுத்துப் போன பழைய வி10 பெட்ரோல் வண்டியில்தான் எனக்கு அது உறைத்தது. டென்வருக்கு மேற்கே ஐ-70 நெடுஞ்சாலையில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை, 11,158 அடி உயரம். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினுக்கு ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் மூச்சுக் குறையும், அந்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். எஞ்சின் 4,500 சுற்றில் அலறுகிறது, வண்டியோ மணிக்கு 35 மைலில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்கிறது, வீட்டம்மா பானெட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள். ஒன்றும் ஆகவில்லை, ஏறிவிட்டோம். அலறுவது அந்த எஞ்சினுக்குச் சகஜம், நமக்குத்தான் பழகவில்லை. இறக்கத்தில் டீசலுக்குப் புகையை அடைத்து வேகத்தைப் பிடிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் இருக்கிறது, பெட்ரோலில் கியர் தானாகக் குறைந்து பிடிக்கும், ஆனால் நான் பிரேக் மேல் கால் வைத்தபடியேதான் இறங்கினேன்.

செலவுக் கணக்கும் போட்டுப் பார்த்தேன். பெட்ரோல் வண்டி காலனுக்கு 8 மைல் கொடுத்தால் டீசல் 9, நன்றாக ஓட்டினால் 10. நம் கணக்கில் பெட்ரோல் லிட்டருக்கு மூன்றரை கிலோமீட்டர் கூடக் கிடையாது, சிரிக்காதே. நான் வருஷத்துக்கு 6,000 மைல் ஓடினால் பெட்ரோல் 750 காலன், டீசல் 9 மைல் கணக்கில் 667 காலன். மிச்சமாகும் 83 காலனை, இங்கே டீசல் விலை பெரும்பாலும் கூடுதலாகவே இருப்பது தின்றுவிடும். அப்புறம் டீசல் எஞ்சினுக்கு ஆயில் கூட, ஃபில்டர் கூட, ஏர் பிரேக் டிரையர் என்று தனிச் செலவு. 2010-க்குப் பிந்தைய டீசல் என்றால் புகையைச் சுத்தமாக்கத் தனியாக ஊற்றுகிற ஆட்புளூ திரவமும் உண்டு, பிஎஸ்6 பஸ்ஸில் உன் கஸ்டமர்கள் புலம்புகிற அதே சமாச்சாரம். அதன் சென்சார் நடுவழியில் கெட்டால் கம்ப்யூட்டர் எஞ்சினைக் கொஞ்சம் கொஞ்சமாக நெரித்துக் கடைசியில் மணிக்கு 5 மைலில் கொண்டுவந்து நிறுத்தும். கொரோனாவுக்குப் பிறகு அந்த சென்சார் ஸ்டாக் இல்லாமல் பல வண்டிகள் வாரக்கணக்கில் நின்றன. நான் பார்த்த அளவில், ஒரே வயசு, ஏறக்குறைய ஒரே நீளம் என்றால் டீசலுக்கு 60,000 டாலர் வரை கூடக் கேட்கிறார்கள்.

இவ்வளவும் தெரிந்தும் மனசு டீசல் பக்கமே சாய்ந்தது. காரணம் கேட்டால் வெட்கம்தான், பஸ் டிரைவர் ஆக வேண்டும் என்று ஆறாம் வகுப்பில் நினைத்த பையன் உள்ளேயே இருக்கிறான் போல.

அதனால்தான் அந்த 2006 மாடல் வண்டியில் விழப்பார்த்தேன். 38 அடி, 400 குதிரைத்திறன் கம்மின்ஸ், அலிசன் கியர்பாக்ஸ், ஆட்புளூ இல்லாத காலத்து எஞ்சின். நான் பார்த்து வைத்திருந்த பெட்ரோல் வண்டியின் விலையேதான் இதற்கும். முதல் தட்டலில் ஸ்டார்ட் ஆயிற்று. விற்பவர் எஞ்சினைப் பற்றியே அரை மணி நேரம் பேசினார், நானும் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். உள்ளே போனால் படுக்கையறையில் மூன்று இடத்தில் பிளக்கில் செருகுகிற வாசனை டப்பா மாட்டியிருக்கிறது. ஒரு அறைக்கு எதற்கு மூன்று? அப்போதுதான் உன் நினைப்பு வந்தது. பழைய பஸ் வாங்க வருகிறவனிடம் நீ பானெட்டைத் திறக்கவே விடமாட்டாயே, முதலில் ஜன்னல் ஓரத்தைத் தட்டிப் பார் என்பாயே. தட்டினேன். நடுச்சுவரில் டொக் டொக் என்ற சத்தம், பின்மூலை ஜன்னலுக்குக் கீழே வந்ததும் பொத் என்று ஆகிவிட்டது. கட்டை விரலால் அழுத்தினேன், ஊறிய பிஸ்கட் மாதிரி உள்ளே போய் அப்படியே நின்றது. மேல் அலமாரியைத் திறந்து துணிகளுக்குப் பின்னால் டார்ச் அடித்தால், கூரை மூலையிலிருந்து டீ வடிந்த மாதிரி மூன்று வரி. ஈரம் பார்க்கும் மீட்டரை வைத்தேன், முள் கடைசி வரை போயிற்று. விற்பவர், "கண்டென்சேஷன் சார்" என்றார், உள்காற்று வேர்த்த ஈரம்தானாம்.

இங்கத்திய கூண்டுச் சுவர், ஃபைபர் தகடு, மெல்லிய பிளைவுட், நடுவில் ஃபோம், எல்லாவற்றையும் பசை போட்டு அழுத்தி ஒட்டியது, உள்ளே அலுமினியச் சட்டம். தண்ணீர் ஒரு இடத்தில் புகுந்தால் பசை விட்டு வெளித்தகடு அம்மை போட்ட மாதிரி உப்பும், அப்புறம் ஒட்டு வேலை செய்ய முடியாது, அந்தப் பக்கச் சுவரையே மாற்ற வேண்டும். எஞ்சின் 5 லட்சம் மைல் ஓடும் என்கிறார்கள், சரி, அதுவரை மேலே கூண்டு இருக்க வேண்டாமா? அன்றிலிருந்து எந்த வண்டிக்குப் போனாலும் முதலில் ஏணி போட்டுக் கூரைதான். ரப்பர் விரிப்பா ஃபைபர் கூரையா, காற்றுத் திறப்புகளைச் சுற்றிப் பூசிய சீலண்ட் வெடித்திருக்கிறதா, வெளியே தள்ளுகிற அறைகளின் கீழ்மூலையில் தரை மெத்தென்று இருக்கிறதா. வண்டி நின்றபின் சுவரில் ஒரு துண்டு மேசை டிராயர் மாதிரி வெளியே வந்து ஹாலைப் பெரிசாக்கும், அழகுதான், ஆனால் அத்தனை ஓரமும் மழைக்கு வாசல்.

ஒரு வழியாக, ஏழு வருஷப் பழைய பெட்ரோல் வண்டி ஒன்று பிடித்திருக்கிறது. 34 அடி, பழைய வி10தான், ஃபைபர் கூரை, தட்டிய இடமெல்லாம் டொக் டொக். மொத்த எடை வரம்பு 22,000 பவுண்டு, அதாவது சுமார் 10 டன். டெக்சாஸில் 26,000-ஐத் தாண்டினால் சாதாரண லைசென்ஸ் போதாது, 'பி' கிளாஸ் பரீட்சை எழுத வேண்டும், அந்தத் தொல்லையும் இல்லை. ஆட்களும் சாமானும் சேர்ந்து எவ்வளவு ஏற்றலாம் என்று உள்ளே ஒரு ஸ்டிக்கர் இருக்கும், தண்ணீர்த் தொட்டி 80 காலன் நிரப்பினாலே அதில் 300 கிலோ போய்விடும், எனவே வீட்டம்மாவின் கிரைண்டர் விஷயம் பேச்சுவார்த்தையில் இருக்கிறது. பின்னால் 5,000 பவுண்டு வரைதான் இழுக்கலாம், டீசல் என்றால் பெரும்பாலும் இரண்டு மடங்கு. சின்ன கார் ஒன்று கட்டிக்கொண்டு போக அது போதும், கிளேசியர் பூங்காவின் மலைச்சாலையில் 21 அடிக்கு மேல் நீளமான வண்டியை விடமாட்டார்கள், கார் வேண்டியே வேண்டும். டயர் ஆறையும் மாற்ற வேண்டும். ரோட்டைத் தொடுகிற பூ தேயாமல் அப்படியே இருக்கிறது, ஆனால் பக்கவாட்டில் நாலு இலக்கத் தேதி 2218, அதாவது 2018-இன் 22-ஆவது வாரத்தில் செய்தது, வயசாகிவிட்டது.

ஒரே ஒரு குறைதான் உறுத்துகிறது, அதற்குத்தான் இந்தக் கடிதத்தையே ஆரம்பித்தேன். கீழ்ச் சாமான் பெட்டியின் தரைப் பிளைவுட், பின்சக்கரத்துக்குப் பின்னால் ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்கு உப்பியிருக்கிறது. மேலிருந்து இறங்கிய ஈரம் இல்லை, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டேன், சக்கரம் தெறித்த தண்ணீர்தான். நாலு போட்டோ தனியாக அனுப்புகிறேன், ஒன்றில் அளவு தெரிவதற்காகச் சாவியை வைத்திருக்கிறேன். அந்த ஓரத்தை மட்டும் வெட்டி எடுத்துப் புதுத் துண்டு போட்டால் போதுமா, இல்லை சட்டம் வரைக்கும் முழுப் பலகையையும் மாற்ற வேண்டுமா? பஸ்ஸில் படிக்கட்டுப் பக்கம் பலகை ஓரத்துக்கு நீ கறுப்பாக ஏதோ காய்ச்சிப் பூசுவாயே, அது என்ன? வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கட்ட வேண்டும், அதற்குள் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சொல். உனக்குக் காலை என்றால் எனக்கு ராத்திரி, எத்தனை மணியானாலும் பரவாயில்லை, கூப்பிடு.

உன்,
மாப்ள