வாசலில் நின்று நீ கேட்டதற்கு

அன்புள்ள நண்பனுக்கு,

இந்த வெள்ளிக்கிழமையோடு உங்கள் படம் வந்து ஒரு வருஷம் ஆகிறது. படத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது தேடுவார்கள். தேடினால் டிரெய்லருக்கு முன்னால், தியேட்டர் வாசலில் மைக்கில் நான் பேசிய அந்த வீடியோதான் வந்து நிற்கும். படத்தில் நீ என்ன வேலை பார்த்தாய் என்பதையும் எழுதமாட்டேன். தெரிந்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்கு அது வேண்டாம்.

படம் வந்த அன்று ராத்திரி நீ அனுப்பிய மெசேஜுக்கு நான் பதில் போடவில்லை. மறுநாள் போட உட்கார்ந்தபோது நீ என்னை பிளாக் செய்திருந்தாய். குரூப்பில் யாரிடமாவது சொல்லி அனுப்பலாமா என்று யோசித்தேன். தூது விடுகிற பழக்கம் நமக்குள் எப்போதும் இருந்ததில்லை, அதனால் விட்டுவிட்டேன். போன வாரம் ஓடிடியில் படத்தை முழுசாக இன்னொரு தடவை பார்த்தேன். பார்த்து முடித்ததும் எழுதியே தீருவது என்று முடிவு செய்துவிட்டேன். ஊர் பார்க்க எதற்கு எழுதுகிறாய் என்று உனக்குக் கோபம் வரும். நான் அன்றைக்குப் பேசியது ஊர் பார்க்கத்தான் போய்ச் சேர்ந்தது. பேசாமல் விட்டதும் அங்கேயே வரட்டும்.

அதற்கு முன்னால் கொஞ்சம் பாரத்தை இறக்கி வைக்கிறேன். இந்த ஒரு வருஷமாகப் படம் பார்த்துவிட்டு வந்து பேச எனக்கு ஆளே இல்லை.

2025 மே 1ஆம் தேதி டூரிஸ்ட் ஃபேமிலி வந்தது. அன்றைக்குத்தான் சூர்யாவின் ரெட்ரோவும். முதல் நாள் யாரும் கண்டுகொள்ளாத மாதிரி இருந்தது, அப்புறம் டிக்கெட் கிடைக்கவில்லை. பார்த்தவர்கள் பக்கத்து வீட்டில் சொன்னார்கள், ஆபீஸில் சொன்னார்கள், கூட்டம் வந்தது. அந்தச் சின்னப் பையன் வாயைத் திறந்தாலே தியேட்டர் சிரித்தது. ஒரு தெருவில் இத்தனை பேரும் இவ்வளவு நல்லவர்களாக இருப்பார்களா என்று உனக்கு எரிச்சல் வந்திருக்கும். எனக்கும் வந்தது. வந்த பிறகும் கண் கலங்கியது, அதை என்ன செய்வது?

3 பிஹெச்கே பார்த்தேன். சித்தார்த்தைப் பள்ளிக்கூடப் பையனாகப் பார்க்க முதலில் ஒட்டவே இல்லை. ஆனால் சரத்குமார் வீட்டுக்கென்று சேர்த்து வைத்த காசு ஒவ்வொரு தடவையும் வேறெதற்கோ போகும்போது, எங்கள் அப்பா வளசரவாக்கத்தில் மனை பார்த்துவிட்டுப் பேசாமல் வந்து சட்டையைக் கழற்றி மாட்டுவாரே, அதுதான் ஞாபகம் வந்தது. அக்டோபரில் பைசன். மாரி செல்வராஜை நீயும் நானும் எத்தனை ராத்திரி பேசியிருக்கிறோம்! மகன் கபடி ஆடப்போனால் எங்கே வம்பில் மாட்டிக்கொள்வானோ என்று பயந்து பயந்து நிற்கிற அப்பா, பசுபதி. அந்த மனுஷன் கண்ணிலேயே பாதிப் படத்தைத் தாங்கிவிட்டார். படம் கொஞ்சம் நீளம்தான். இடைவேளையில் இதையெல்லாம் உனக்கு டைப் செய்துவிட்டு, அனுப்ப முடியாது என்று ஞாபகம் வந்து அழித்தேன்.

எனக்குப் படத்தைப் பற்றிப் பேசக் கற்றுக்கொடுத்தது நீதான். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. 1983இல் திறந்த உதயம் தியேட்டர் வளாகம் இப்போது இல்லை. உதயம், சூரியன், சந்திரன், மினி உதயம் என்று எதில் என்ன படம் ஓடினாலும் நாம் போய் முடிகிற இடம் நூறடி ரோட்டு டீக்கடைதான். டீ கையில் வந்து அது தீரும்வரை யாரும் படத்தைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்பது நீ வைத்த சட்டம். தீர்ந்ததும் ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். யாராவது “நல்லாருந்துச்சு” என்று சொன்னால் விடமாட்டாய். “எது நல்லாருந்துச்சு? எந்த இடத்துல?” என்று கிளாஸைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டே இருப்பாய். சொல்லத் தெரியாமல் நான் விழித்திருக்கிறேன். அப்புறம் தியேட்டருக்குள் உட்காரும்போதே உனக்குச் சொல்வதற்காகப் பார்க்க ஆரம்பித்தேன்.

2024 ஆகஸ்ட் 23, வாழையும் கொட்டுக்காளியும் ஒரே வெள்ளிக்கிழமை வந்தன. வாழைக்கு அழுதுகொண்டு வந்தோம். கொட்டுக்காளிக்குப் பின்னணி இசையே கிடையாது, முடிவு எதையும் முடித்து வைக்காது; விளக்கைப் போட்டதும் நமக்குப் பின்னால் இருந்தவர் “அவ்ளோதானா?” என்று கத்தினார். நமக்குக் கோபம் வந்தது. ஆனால் டீக்கடையில் நீ அவர் பக்கம்தான் பேசினாய். “காசு குடுத்து வந்திருக்காரு, கேக்கட்டும். அந்தக் கேள்வியத் தாங்குற படம்தான் இது” என்றாய். அந்த வார்த்தையை நான் மறக்கவே இல்லை.

அடுத்த மாசம் மெய்யழகன். வெளியான சில நாளிலேயே நீளம், இழுவை என்று சொல்கிறார்களே என்று 18 நிமிஷத்துக்கு மேல் வெட்டினார்கள். நாம் வெட்டுவதற்கு முன்னாலேயே பார்த்துவிட்டோம். ராத்திரி முழுக்க ரெண்டு பேர் உட்கார்ந்து பேசுகிற படத்தில் பேச்சைக் குறைத்தால் என்ன மிச்சம் என்று நீ கொதித்தாய். சினிமா ஆபீஸில் சேர்ந்த பிறகு உன் குரல் மாறுவதை நான் முதலில் கவனித்தது அப்போதுதான். அதுவரை “பாக்குறவங்க” என்பாய். அன்றைக்கு “இவங்க” என்றாய்.

நவம்பரில் தயாரிப்பாளர் சங்கம் அறிக்கை விட்டதே, கங்குவா, இந்தியன் 2, வேட்டையன் எல்லாம் முதல் நாள் விமர்சனத்தால் அடிவாங்கின, தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப்காரர்களை விடக்கூடாது என்று. அதை நீ குரூப்பில் போட்டுக் கைதட்டுகிற பொம்மையும் போட்டாய். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், தடை கிடைக்காதபோது நான் சந்தோஷப்பட்டதை உன்னிடம் சொல்லவில்லை. ஒரு படத்துக்குப் பின்னால் எத்தனை பேர் வட்டிக்கு வாங்கி நிற்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். ஆனால் குடும்பத்தோடு போய் ஆளுக்கு ஒரு டிக்கெட் என்று காசு கொடுத்து எடுக்கிறவர், முதலில் பார்த்த ஒருத்தரைக் கேட்டுக்கொண்டு போவதில் என்ன குற்றம்? டூரிஸ்ட் ஃபேமிலியைத் தூக்கிவிட்டதும் இதே வாய்கள்தானே.

இனி அன்றைக்கு வருகிறேன்.

காலை 9 மணிக் காட்சி. முடிந்து எல்லோரும் பார்க்கிங் பக்கம் இறங்கும் படிக்கட்டில் வந்துகொண்டிருந்தோம். கீழே நீ மாஸ்க் போட்டுக்கொண்டு தூணோரம் நின்று வருகிற ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாய். யாரோ சிரித்துக்கொண்டு போனால் அவர்கள் பின்னாடியே உன் கண் போனது. போனில் பேசிக்கொண்டு போனால் என்ன பேசுகிறார்கள் என்று தலையைச் சாய்த்தாய். உன்னை அப்படி நான் பார்த்ததே இல்லை. பக்கத்தில் உன் அம்மா. மாம்பழக் கலர் பட்டுப்புடவை, காலையில் வடபழனி கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு நேராக வந்திருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் விபூதிப் பொட்டலத்தைப் பிரித்து, என் கண்ணில் விழாமல் இடது கையை நெற்றிக்குக் கீழே அணை மாதிரி வைத்துப் பூசிவிட்டார்கள். அப்புறம் மெல்ல ஊதினார்கள். “படம் புடிச்சிருந்துச்சாம்மா?” என்று அம்மாவும், “எப்படி இருந்துச்சு?” என்று நீயும் ஒரே நேரத்தில் கேட்டீர்கள்.

“நல்லா இருந்துச்சுடா” என்றேன்.

அம்மா உன் தோளில் தட்டி, “பாத்தியா, நான்தான் சொன்னேன்ல” என்றார்கள். நீ மாஸ்க்கை இறக்கிச் சிரித்தாய்.

நீ கேட்டிருக்க வேண்டும். எது நல்லாருந்துச்சு, எந்த இடத்துல என்று நீ என்னைக் கேட்டிருக்க வேண்டும். டீக்கடையில் ஒரு தடவைகூட அந்த வார்த்தையை விட்டுவைக்காதவன், அன்றைக்கு ஏன் எடுத்து அப்படியே வைத்துக்கொண்டாய்? அது வெறும் வார்த்தை என்று உனக்குத் தெரியும். தெரிந்துதான் வாங்கிக்கொண்டாய். அம்மா நெற்றியில் பூசிய விபூதியோடு நான் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்?

கேட்டைத் தாண்டியதும் மைக் நீட்டினார்கள். அந்தப் பையனுக்கு இருபது வயசு இருக்கும், “ஒரு நிமிஷம் அக்கா” என்றான். மூன்று விஷயம் சொன்னேன். முதல் பாதி வீட்டுக்குள் நடக்கிற மாதிரியே இருந்தது என்றேன். அம்மாவாக நடித்தவருக்கு நிறையப் படம் வர வேண்டும் என்றேன். ரெண்டாம் பாதி பேசிக்கொண்டே இருக்கிறது, மூச்சு விட இடமில்லை, உட்கார முடியவில்லை என்றேன். சாயங்காலம் அதில் மூன்றாவது மட்டும் வந்தது, சோக மியூசிக்கோடு. மீதியை வெட்டியது நான் இல்லை. இதை அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருந்தால் நீ நம்பியிருப்பாயா என்று தெரியாது. உன் மெசேஜ் வந்தபோது இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “மைக்குக்கு உண்மை, எனக்குப் பொய்யா?” என்று கேட்டிருந்தாய். அதற்கு என்னிடம் அன்றைக்கும் பதில் இல்லை. அதற்காக மன்னித்துக்கொள். மைக்கில் பேசியதற்கு இல்லை, படிக்கட்டுக்குக் கீழே பேசியதற்கு.

ஆனால் அதே மெசேஜில் “உன்ன மாதிரி ஆளுங்கதான் சினிமாவக் கொல்றீங்க” என்றும் எழுதியிருந்தாய். அது எனக்கு இன்னும் ஆறவில்லை. டீக்கடையில் நீ யார் யார் படத்தைக் கிழித்தாய் என்று நான் இங்கே எழுதினால் உன் பிழைப்புக்கு ஆகாது. எழுதமாட்டேன். அந்தப் படங்களிலும் யாரோ ஒருத்தர் அம்மாவோடு வாசலில் நின்றிருப்பார்கள், அவ்வளவுதான் சொல்வேன். அன்பே சிவத்தை வேறு இழுத்திருந்தாய். 2003 பொங்கலுக்கு தூள் ஓடியது, அன்பே சிவம் ஓடவில்லை, அப்புறம் டிவியில் பார்த்துப் பார்த்து ஜனங்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள், வாஸ்தவம். அதற்காக ஓடாத படமெல்லாம் அன்பே சிவம் ஆகிவிடாது. இப்படி எழுதுவது உனக்கு வலிக்கும் என்று தெரியும். டீக்கடையில் என்றால் சொல்லியிருப்பேன், நீ சிரித்திருப்பாய்.

போன வாரம் பார்த்ததற்கு வருகிறேன், இது நீ கேட்ட கேள்விக்கு என் பதில்.

முதல் பாதியில் அந்த அம்மா, அழுகை வரும்போதெல்லாம் “கேஸ அணைச்சியா?” என்று கேட்பார். மகள் கல்யாணமாகிக் கிளம்பும்போதும் அதையே கேட்பார். தியேட்டரில் அந்த இடத்தில் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, அது யார் பேச்சு என்று எனக்குத் தெரியும். உங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது அம்மா சொல்லி எத்தனை தடவை கேட்டிருக்கிறேன். நீ அதைப் படத்துக்குள் கொண்டுவந்திருக்கிறாய் என்று தெரிந்த நொடி எனக்கு உன்மேல் எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? படிக்கட்டில் இதைச் சொல்லியிருக்கலாம். அம்மா எதிரிலேயே சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் ரெண்டாம் பாதி மட்டும்தான் தலைக்குள் இருந்தது.

ரெண்டாம் பாதியைப் பற்றி என் கருத்து மாறவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்காவும் தம்பியும் உட்கார்ந்திருக்கிற இடம். தம்பி மன்னிப்புக் கேட்கிறான். அக்கா ஃபிளாஸ்க் மூடியைத் திருகுகிறாள், திறக்கிறாள், மறுபடி திருகுகிறாள். அங்கேயே முடிந்துவிட்டது. அதற்கு மேல் அவள் பக்கம் பக்கமாகப் பேசுகிறாள், நம் கண்ணுக்குத் தெரிந்ததையெல்லாம் மறுபடி காதுக்குச் சொல்கிறாள். இதைச் செய்தது நீயா, உனக்கு மேலே இருப்பவர்களா என்று எனக்குத் தெரியாது. ஷூட்டிங் நேரத்தில் நீ எவ்வளவு வெட்டச் சொல்லிச் சண்டை போட்டாய் என்று வேறு ஒருவர் சொன்னார். அது உண்மையென்றால் நான் திட்டியது உன்னை இல்லை. இதற்கு மேல் அதைப் பற்றி இங்கே பேசக்கூடாது.

அடுத்த படத்துக்கு வேலை ஆரம்பித்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். முதல் நாள் வருவேன், டிக்கெட் நானே எடுத்துக்கொள்வேன். யார் மைக் நீட்டினாலும் இனி பேசுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். உனக்காக மட்டும் இல்லை, என் பேச்சை வேறொருவர் வெட்டி ஒட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. நீ கேட்டால் எல்லாவற்றையும் சொல்வேன். அம்மாவைக் கூட வைத்துக்கொண்டு கேட்காதே.

போன மாசம் அம்மாவைக் கோயில் தெருவில் பார்த்தேன். “ஏம்மா வீட்டுப் பக்கமே வர்றதில்ல?” என்று கேட்டுவிட்டு, பையிலிருந்து ரெண்டு கொய்யாப்பழம் எடுத்துக் கையில் கொடுத்தார்கள். வேறொன்றும் கேட்கவில்லை. அம்மா அந்த வீடியோவைப் பார்த்தார்களா? எனக்கு அது ஒன்று தெரிய வேண்டும்.