தம்பியிடம் நீ பேச வேண்டும்

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். போனிலேயே பேசியிருப்பேன், ஆனால் நம் செந்தூல் வீட்டில் எங்கே நின்று பேசினாலும் தம்பி காதில் விழும். பேச வேண்டியதே அவனைப் பற்றித்தான்.

போன வாரம் கிராப் டாக்சி கூப்பிட அவன் போனை வாங்கினேன். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஸ்டிக்கர் வந்து விழுந்தது. அவன் முகத்தை வெட்டி, இன்னும் கறுப்பாக்கி, கேலி எழுதியிருந்தார்கள். கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள். அதில் ஒன்று தம்பியே போட்டது. "சும்மா விளையாட்டும்மா" என்றான். விளையாட்டு என்றால் பேட்மிண்டனுக்குப் போவதை ஏன் விட்டான்? நள்ளிரவு தாண்டியும் போர்வைக்குள் ஏன் வெளிச்சம்?

அப்பா போனைப் பிடுங்கச் சொல்கிறார். எனக்குச் சம்மதமில்லை. கேலி செய்கிறவர்களும் அதில்தான், அவனுடைய நல்ல கூட்டாளிகளும் அதில்தான். பிடுங்கினால் அடுத்த முறை எதையும் நம்மிடம் காட்ட மாட்டான். இரவில் எல்லோர் போனும், அப்பாவுடையதும்தான், ஹாலில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

2024 ஜூலையில் டிக்டாக்கில் வசவும் மிரட்டலும் தாங்காமல் இதே கோலாலம்பூரில் நம் பெண் ஒருத்தி உயிரை விட்டாளே, நினைவிருக்கிறதா? அவளை இழிவுபடுத்திய ஒருவருக்கு 100 ரிங்கிட் அபராதம், அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் 2025இல் இணையப் பகடிவதைக்குக் கடுமையான சட்டம் வந்தது. சட்டம் வரட்டும். அது நம் பிள்ளையிடம் வந்து "சாப்பிட்டாயா, தூங்கினாயா" என்று கேட்காது.

அவன் உன்னிடம்தான் மனம் திறப்பான். அவன் சொல்வதை என்னிடம் சொல்ல வேண்டாம், அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவிலேயே இருக்கட்டும். ஒன்றை மட்டும் மறைக்காதே: சாக வேண்டும் போலிருக்கிறது என்ற பேச்சு வந்தால் அன்றைக்கே என்னைக் கூப்பிடு. அவனாகச் சொல்லாவிட்டாலும் நேராகவே கேள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மருத்துவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்ட குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டப் பிரிவை 2023இலேயே எடுத்துவிட்டார்கள்.

மனம் தாளாதபோது பேச பிஃபிரெண்டர்ஸ் உதவித் தொலைபேசி இருக்கிறது. எண் 03-7627 2929, எந்த நேரமும் எடுப்பார்கள். அவனுக்கும் அனுப்பி வை, நீயும் வைத்துக்கொள். பரீட்சை நேரத்தில் நீ சாப்பிடாமல் கிடப்பதும் எனக்குத் தெரியும். அவன் ஒத்துக்கொண்டால் நம் அரசாங்க கிளினிக்குக்கு, கிளினிக் கெசிஹாத்தானுக்கு, அழைத்துப் போகிறேன். ஒரு ரிங்கிட்தான், அங்கிருந்து தேவையான இடத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள்.

பள்ளி விடுமுறைக்கு அவனை உன்னிடம் அனுப்பட்டுமா? பட்டர்வொர்த் வரை ரயிலில் வந்துவிடுவான், நீ பினாங்கிலிருந்து ஃபெரியில் வந்து கூட்டிப் போ. உனக்கு டெஸ்ட் இல்லாத வாரம் எதுவென்று சொல், டிக்கெட் போடுகிறேன்.

அன்புடன்,
அம்மா